கீழிருந்து ஒன்பது வரி

மார்ச் 4

அக்காவுக்கு,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. அத்தான் போனில் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கையால் எழுதிப் பல வருஷமாகிறது. அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே பழகிய கைக்குச் சொந்தமாக ஒரு வரி வர மாட்டேன் என்கிறது.

27ஆம் தேதி மயானத்துக்கு வந்திருந்தேன். பின்னால், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றேன். நீ என்னைப் பார்த்தாயா என்று தெரியவில்லை. அத்தான் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். கிட்டே வரக் கால் எழவில்லை. ஒன்றரை வருஷமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், இதற்கு மட்டும் வந்து முன்னால் நிற்பதா என்று இருந்தது.

இன்னும் நம்ப முடியவில்லை அக்கா. ஆறு வயசு. ஸ்கூல் விட்டு வந்து கீழே சைக்கிள் ஓட்டப் போன பிள்ளை. ஓர் இரும்பு கேட் தண்டவாளத்தை விட்டுக் கழன்று மேலே சரியும் என்று யார் நினைப்பார்கள்? காலையில் பல் துலக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறேன். திடீரென்று வாலு நினைவுக்கு வருகிறான், பிரஷ் வாயிலேயே நின்றுவிடுகிறது. நான் அந்த ஊரில் இருந்தபோது அதே கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி ஹாரன் அடிப்பேனே, இரண்டு சின்னது, ஒரு நீளம். மூன்றாம் மாடியிலிருந்து அவன் இறங்கி வரும் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பேப்பரின் உங்கள் ஊர்ச் செய்திப் பக்கமும் இப்போது எங்கள் அலுவலகத்தில்தான் தயாராகிறது. 26ஆம் தேதி சாயங்காலம் ஊர் நிருபர் அனுப்பிய செய்தி என் மேஜைக்குத்தான் வந்தது. அத்தான் எனக்குப் போன் செய்வதற்கு இருபது நிமிஷம் முன்னால், திரையில் குடியிருப்பின் பெயரைப் படித்துத்தான் எனக்கே தெரியும். அந்த நிலைமையிலும் ஒரு காரியம் செய்தேன். உன் பெயர், அத்தான் பெயர், வாலுவின் பெயர், மூன்றையும் எடுத்துவிட்டேன். நீங்கள் ஊர் வாயில் விழக் கூடாது என்று. உனக்காக என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

சாப்பிடு. பாப்பாவுக்காகவாவது சாப்பிடு.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். அதையும் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதுவார்கள், பிள்ளை போன பத்தாம் நாள் தாய் வயிறாரச் சாப்பிட்டாள் என்று.

நீ குழாயடியில் நின்றதைப் பார்த்தேன். சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தாய். அந்த நேரத்திலும் அது கண்ணில் பட்டது, பார். மூளை எதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று எனக்கே பயமாக இருக்கிறது.

பெயரை எடுத்துவிட்டாயாம். ஊர் வாயில் விழக் கூடாதாம். உன் பேப்பரை எங்கள் மாடிப்படியில் யாரோ விரித்தே வைத்திருந்தார்கள், மிதித்துத்தான் இறங்க வேண்டும். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நீயும் கேள்.

“தாய்க்குத் தாளம்! சேய்க்கு மரணம்! இசைக்குழுவில் டிரம்ஸ் அடிக்கும் தாய்க்கும், பச்சை குத்தும் கடை நடத்தும் தந்தைக்கும் பிறந்த ஆறு வயதுச் சிறுவன், நேற்று மாலை கவனிக்க ஆளின்றி விளையாடியபோது கேட் சரிந்து பலியானான். தாய் முந்தைய நாள் நள்ளிரவு வரை கச்சேரியில் இருந்ததாகத் தெரிகிறது. ‘எப்போது பார்த்தாலும் கச்சேரி என்று திரிவார். இப்படி ஆகும் என்று அப்போதே பயந்தேன்’ என உறவினர் ஒருவர் வேதனையுடன் கூறினார்.”

நீ பெயரை எடுத்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது பார்த்தாயா? பெயராவது இருந்திருந்தால் நான் ஒரு மனுஷி. இப்போது நான் டிரம்ஸ் அடிக்கும் தாய். கீழ் வீட்டுக்காரர் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பன்னிரண்டு நாளாகிறது.

அன்று திங்கட்கிழமை. உன் அத்தான் கடைக்கு விடுமுறை. நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம். அவர் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்று, வாலு சைக்கிளை எடுப்பதைப் பார்த்துவிட்டு, அடுப்பைச் சின்னதாக்கத் திரும்பினேன். காவலாளி கீழே நாற்காலியில் இருந்தார், வேறு நாலு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. திரும்பிய நேரத்தில் சத்தம் கேட்டது. சத்தத்தோடுதான் என் பிழைப்பு, எல்லாச் சத்தமும் எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியாத சத்தம். இன்றைக்கும் யாராவது எவர்சில்வர் தட்டைக் கீழே வைத்தால் என் முதுகு விறைத்துக்கொள்கிறது.

27 சாயங்காலம் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். வெள்ளைச் சட்டை. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவிட்டு வந்தார். “எனக்கும் இதே வயசுல ஒரு பையன் இருக்கான்மா” என்று கண்ணைத் துடைத்தார். தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் உன் பேப்பரில் எங்கள் சுவரில் மாட்டியிருந்த படம்! மேடையில் குச்சியைத் தூக்கிக்கொண்டு நான் நாக்கை நீட்டுகிற படம். அதற்கு ஒரு சாண் தள்ளி, வாலுவுக்கு நான் ஷூ மாட்டிவிடுகிற படமும் தொங்குகிறது. அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு டாக்டர் தம்பதி வீட்டுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போனதே, நினைவிருக்கிறதா? நீ வைத்த தலைப்பை எனக்குப் போன் செய்து படித்துக் காட்டினாய். “என்ன பாவம் செய்தது இந்தப் பிஞ்சு?” நானும் அழுதேன். அவர்கள் முந்தின நாள் எத்தனை மணிக்குத் தூங்கினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதுதான். எங்களையும் கேட்டிருக்கக் கூடாது.

இன்னொன்று. நமக்கு இருக்கிற சொந்தத்தை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சித்தியிடம் சண்டை போட்டேன், அவள் சத்தியம் செய்கிறாள். யார் அந்த உறவினர்? நீ அங்கேயே இருக்கிறாய், உனக்குத் தெரியாமல் இருக்காது. கண்டுபிடித்துச் சொல்.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் நியாயம். ஆனால் தொழில் தெரியாமல் சிலவற்றை எழுதியிருக்கிறாய்.

பெயர் இல்லாமல் செய்தி போட்டால், ஆள் யார் என்று ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். பெயர் இல்லையென்றால் தொழில், தொழில் இல்லையென்றால் வயது. எங்கள் டெஸ்க்கில் புதிதாகச் சேருகிற யாருக்கும் முதல் வாரம் சொல்லிக் கொடுப்பது இது. அந்த டாக்டர்களையும் டாக்டர் தம்பதி என்றுதான் போட்டோம். ஒரே அளவுகோல்தான். ‘தாய்க்குத் தாளம்’ என்ற தலைப்பு நான் வைத்ததில்லை. நான் வைத்தது “கேட் சரிந்து சிறுவன் பலி” என்று. செய்தி ஆசிரியர் மாற்றினார். படம் வந்த அன்று நான் விடுப்பில் இருந்தேன்.

இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். நீ முந்தின நாள் கச்சேரிக்குப் போனது பொய்யில்லையே? பாப்பாவைச் சுமந்தபோதும் ஐந்து மாத வயிற்றோடு மேடையில் ஏறினாய், நான் நாலு வார்த்தை சொன்னேன். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். நீ வாசலைக் காட்டினாய். நானும் அந்த மாசமே மாற்றல் கேட்டு இங்கே வந்துவிட்டேன். அதெல்லாம் இப்போது எதற்கு?

எந்தச் செய்திக்கும் ஆயுள் ஒரு நாள். மறுநாள் அந்தத் தாளை அலமாரிக்கு அடியில் விரித்துவிடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அதுவாகவே ஓயும். நீ அதைத் திரும்பத் திரும்பப் படிக்காமல் இருந்தால் போதும்.

உறவினர் யார் என்று விசாரிக்கிறேன்.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் வைத்திருக்கிறேன், அது பிறகு. இப்போது சண்டை போட நேரமில்லை.

நேற்றுக் காலை குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். யாரோ பேப்பரைப் படித்துவிட்டு மனு போட்டிருக்கிறார்களாம். அந்த வீட்டில் இன்னொரு பச்சைக் குழந்தை இருக்கிறது, அதையாவது காப்பாற்றுங்கள் என்று. அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். பாப்பாவின் பால் புட்டியை முகர்ந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். டிரம்ஸ் குச்சி சோபாவில் கிடந்தது. “இதெல்லாம் புள்ள கைக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கீங்களே?” என்றார். காய்கறிக் கத்தி மேஜை மேல் இருந்தது, அதை ஒன்றும் சொல்லவில்லை.

உன் அத்தானைச் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார். அவர் சுருட்டினார். “இது என்ன படம்?” என்று கேட்டார். “பையன் பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரியில எடுத்த கால் அச்சுங்க. அதே அளவு” என்றார் இவர். சொல்லிவிட்டு அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். ‘தந்தையின் உடலில் பல இடங்களில் பச்சை’ என்று எழுதியிருந்தார்.

அவருடைய கோப்பில் முதல் தாள் எது தெரியுமா? உன் பேப்பர். கத்தரித்து ஒட்டியிருக்கிறது. ‘உறவினர் ஒருவர்’ என்ற இடத்தில் சிவப்பில் இரண்டு கோடு. “சொந்தக்காரங்களே இப்படிச் சொல்றாங்கன்னா, நாங்க எப்படிம்மா சும்மா விட முடியும்?” என்று கேட்டார். ஆயுள் ஒரு நாள் என்றாயே. அலமாரிக்கு அடியில் இல்லை தம்பி, கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

ஏப்ரல் 12 விசாரணை. பாப்பா எங்களோடு இருப்பாளா, குழந்தைகள் இல்லத்துக்குப் போவாளா என்று அன்று சொல்லிவிடுவார்கள். அவளுக்குப் பதினாலு மாதம். இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறாள். அண்ணனின் சைக்கிள் மணியைத் தொட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.

கேட் ஓடுகிற தண்டவாளத்தின் முனையில் ஒரு தடுப்புக் கட்டை இருக்க வேண்டும். அது உடைந்து நாலு மாதமாகிறது. உன் அத்தான் குடியிருப்புச் சங்கத்துக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். சங்கச் செயலாளர் இப்போது எந்தக் கடிதமும் வரவில்லை, கட்டை இருந்தது, பையன் தொங்கி ஆடியதால் உடைந்தது என்கிறார். போலீஸ் படம் எடுத்தது சரிந்து கிடந்த கேட்டை மட்டும்தான். 28ஆம் தேதியே வெல்டிங் வைத்துப் பெயின்டும் அடித்துவிட்டார்கள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்.

அத்தான் அந்த வெள்ளைச் சட்டை நிருபரைத் தேடிப் போனார். அவர் சொன்னது இது: “நான் கேட்டைப் பத்தி எழுதினேன் சார். கட்டை இல்லாததை என் கண்ணால பாத்தேன், நோட்டீஸ் போர்டுல உங்க புகார் ஒட்டியிருந்ததையும் பாத்தேன். கடைசிப் பத்தியே அதுதான். மேல வெட்டிட்டாங்க.” அந்த போர்டில் இப்போது ஒன்றும் இல்லை.

அதனால் இரண்டே இரண்டு கேட்கிறேன். வெட்டாத செய்தி உங்களிடம் இருக்கும், அது வேண்டும். அந்த உறவினர் யார், அவர் எதைக் கண்டு அப்படிச் சொன்னார் என்று தெரிய வேண்டும்.

வேறு எதையும் உன்னிடம் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

வெட்டியது நான். உறவினரும் நான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இனி எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

செய்தி திரைக்கு வந்தபோது ஆறு ஐம்பது. குடியிருப்பின் பெயரைப் பார்த்தேன். அடுத்த வரியில் வாலுவின் பெயர். அதை அப்போதே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். பெயர்களை எடுக்க வேண்டும் என்று நானே வைத்துக்கொண்டேன். செய்தி ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். “உனக்கு அந்த ஊர்தானே? குடும்பத்தப் பத்தி ஏதாவது தெரியுமா? ஒரு வரி இருந்தா நல்லாருக்கும்” என்றார். நான் திரும்பாமலேயே சொன்னேன், “தெரியும் சார். அவ எப்பப் பாத்தாலும் கச்சேரி கச்சேரின்னு திரிவா. இப்படி ஆகும்னு நான் அப்பவே பயந்தேன்.” “நீ அவங்களுக்கு யாரு?” என்று கேட்டார். “சொந்தக்காரன்” என்றேன். தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் குனிந்து அந்த வரியை அவரே தட்டினார்.

அதிர்ச்சியில் உளறிவிட்டேன் என்று எழுதலாம். இரண்டு நாளாக அப்படி எழுதித்தான் கிழித்துப் போட்டேன். உண்மை அது இல்லை. அந்த நிமிஷம் எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. கேட் மேல் கோபப்பட வரவில்லை. உன் மேல் ஒன்றரை வருஷமாக ஒரு கோபம் தயாராக இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

பிறகு கீழே ஒரு விளம்பரம் வந்தது. செய்தி ஒன்பது வரி அதிகம். கீழிருந்து வெட்டுவதுதான் வழக்கம். முக்கியமானது மேலே இருக்கும், கீழே போகப் போக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கணக்கு. படிக்காமல் வெட்டினேன் என்று சொல்லத்தான் ஆசை. படித்தேன். தடுப்புக் கட்டை இல்லை, மூன்று புகார், யாரும் கவனிக்கவில்லை. முழுதும் படித்துவிட்டு வெட்டினேன். அது எனக்கு முக்கியமாகவே படவில்லை அக்கா. நீ டிரம்ஸ் அடிப்பது முக்கியமாகப் பட்டது.

கேட் வரிகள் போனபின் உள்ளே பெரிதாகத் தெரிந்தது நீயும் கச்சேரியும்தான். அதனால் அவர் தலைப்பை மாற்றினார். மாற்றியதைத் திரையில் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்கக் கிளம்பினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் கம்ப்யூட்டரில் எந்தத் திருத்தத்தை யார் எத்தனை மணிக்குச் செய்தார்கள் என்பது அழியாமல் இருக்கும். எடுத்து அனுப்புகிறேன். 12ஆம் தேதி நானே வந்து சொல்கிறேன்.

மன்னிப்பு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 30

வந்தது.

படித்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்திருந்ததையே மறுபடி கழுவினேன். பிறகு உன் அத்தானிடம் கொடுத்தேன். அவர் படித்து, வந்தபடியே மடித்து, “சின்னப் புள்ள மாதிரி எழுதியிருக்கான்” என்றார். அவ்வளவுதான். அவர் அப்படி. எனக்கு அப்படி வராது.

சித்தியை என்னென்னவோ திட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டு டீச்சரைக் கூடச் சந்தேகப்பட்டேன். ஊரில் இருக்கிற ஒவ்வொரு முகத்தையும் ஒரு மாசமாகத் துருவித் துருவிப் பார்த்தேன், இவளா, அவனா என்று. உன் முகம் மட்டும் ஒரு தடவை கூட வரவில்லை. நீ எழுதியதில் எல்லாவற்றையும் விட அதுதான் என்னை அடித்துப் போட்டுவிட்டது. உன்னிடமே கண்டுபிடிக்கச் சொன்னேனே! விசாரிக்கிறேன் என்று வேறு எழுதினாய். எந்தக் கையால் எழுதினாய்?

அன்றைக்கு நீ என்னை நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனபின், வாலு வந்து, “டிரம்ஸ் அடிக்கிறது தப்பாம்மா? மாமா ஏன் கத்துனாரு?” என்று கேட்டான். மாமாவுக்குத் தலைவலி என்றேன். இத்தனை நாளும் அவனிடம் உன்னை விட்டுக் கொடுக்கவில்லை.

தாளை அனுப்பு. 12ஆம் தேதிக்குள் வர வேண்டும். நீ வராதே. உன்னை அங்கே பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அதையும் கோப்பில் எழுதிக்கொள்வார்கள்.


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

இத்துடன் ஐந்து தாள்கள். முதல் இரண்டும் நிருபர் அனுப்பிய முழுச் செய்தி. 26ஆம் தேதி மாலை 6.50 என்று மேலேயே இருக்கிறது, சங்கம் வெல்டிங் வைத்ததற்கு இரண்டு நாள் முந்தியது. மூன்றாவதில் என் திருத்தங்கள், என் பெயரோடு. நான்காவது அச்சான வடிவம். ஐந்தாவது நான் கையெழுத்துப் போட்டது. அந்த உறவினர் நான்தான், ஒன்றரை வருஷமாக அந்த வீட்டுக்குள் நான் கால் வைக்கவில்லை, எதையும் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை, சொன்னது என் கோபம் என்று எழுதியிருக்கிறேன். தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டினேன், போதும் என்றார்.

செய்தி ஆசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். திருடிக்கொண்டு வந்ததாக இருக்கக் கூடாது. நான் உன் தம்பி என்று சொன்னபோது அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அடப்பாவி, கூடப் பொறந்தவளா? அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தத் தலைப்பு வச்சிருப்பேனா?” என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. “கூடப் பொறந்தவ இல்லன்னா வைக்கலாமா சார்?” என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த தாள்களைக் காட்டி, “ஆபீஸ் தாள வெளிய கொண்டு போனா வேலை போயிடும், தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றேன்.

ஒரு திருத்தச் செய்தி போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாலு வரி.

பழைய பேப்பர்களை எடுத்துப் பார்த்தேன், என் மேஜையைத் தாண்டிப் போன பிள்ளைச் சாவுகளை மட்டும். ஒரு வக்கீல் வீட்டில் ‘விதி விளையாடியது’. வீட்டு வேலைக்குப் போகிற அம்மா என்றால் ‘பூட்டிவிட்டுச் சென்ற தாய்’. விவாகரத்தான ஒருத்திக்கு அவள் விவாகரத்தானவள் என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. அவள் பிள்ளை போனது பஸ் மோதி. பஸ்ஸைப் பற்றி ஐந்தாவது வரியில்தான் வருகிறது. எல்லாம் நான் பார்த்து, சரி என்று அனுப்பியவை. ஒரே அளவுகோல் என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

12ஆம் தேதி வரவில்லை. நீ சொன்னபடி.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

நீ கீழிருந்து வெட்டுகிறவன். அதனால் முக்கியமானதை மேலேயே எழுதிவிடுகிறேன். பாப்பா எங்களோடுதான் இருக்கிறாள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பாவை என் மடியிலிருந்து வாங்கி ஓர் ஆயாவிடம் கொடுத்து வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம், இந்தப் பக்கம் நான். கை தானாகத் தொடையில் தட்ட ஆரம்பித்தது. உன் அத்தான் மேலே கையை வைத்து அமுக்கினார். தாளம் போடுகிறாள் என்று எழுதிவிடப் போகிறார்கள் என்று பயம்.

வீட்டைச் சோதிக்க வந்தாரே, அந்த அம்மாதான் உன் தாள்களை வாங்கினார். நிருபரின் கடைசி ஒன்பது வரியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். வாசித்துவிட்டுக் கோப்பில் ஒட்டியிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இது ஏன் பேப்பர்ல வரல?” என்று கேட்டார். இடம் பற்றவில்லையாம் என்றேன். மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் கிண்டல் செய்வதாக நினைத்திருப்பார்கள். பிறகு நீ கையெழுத்துப் போட்ட தாள். “இவர் உங்களுக்கு என்ன வேணும்?” என்றார். “தம்பி. கூடப் பொறந்த தம்பி” என்றேன். சொல்லும்போது குரல் உடைந்தது. உன்னை நினைத்தா, என்னை நினைத்தா என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆறு மாசத்துக்கு மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பார்களாம். வரட்டும். ஃப்ரிட்ஜைத் துடைத்து வைக்கிறேன். போலீஸ் செயலாளரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறது. எங்கள் புகார்க் கடிதங்கள் மூன்றும், போர்டிலிருந்து எடுத்தது உட்பட, சங்க அலுவலக மேஜை இழுப்பறையில் இருந்தனவாம்.

உங்கள் திருத்தம் வந்தது. பதினோராம் பக்கம், செருப்பு விளம்பரத்துக்குக் கீழே. ‘டிரம்ஸ் கலைஞரான தாய் சம்பவத்தின்போது வீட்டில் இருந்தார் என அறிகிறோம்.’ அதிலும் டிரம்ஸ்! இனி நான் செத்தாலும் டிரம்ஸ் அடிக்கும் பிணம் என்றுதான் போடுவார்கள். ஐம்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக அழுதேன்.

உன் வேலை போனதை அந்த வெள்ளைச் சட்டை நிருபர் வந்து சொன்னார். வாசலிலேயே நின்றுகொண்டு, “அந்தப் படத்த எடுத்திருக்கக் கூடாதும்மா” என்றார். அவரை உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் அந்த ஒன்பது வரியையும் எழுதியவர் அவர்தான். என்ன செய்வது என்று தெரியாமல் அன்றைக்குப் போலத் தண்ணீர் கொடுத்தேன்.

உன்னை மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். இன்னும் இல்லை. எழுதினால் பொய்.

இனி கடைசிப் பத்தி. இதை நானும் வெட்டித்தான் வைத்திருந்தேன். போலீஸில் சொல்லவில்லை, விசாரணையில் சொல்லவில்லை. காவலாளி என்னிடம் மட்டும் சொன்னது. அன்று தெருவில் யாரோ ஸ்கூட்டரில் போனவர் ஹாரன் அடித்திருக்கிறார். இரண்டு சின்னது, ஒரு நீளம். வாலு சைக்கிளைப் போட்டுவிட்டு, “மாமா வந்துட்டாரு!” என்று ஓடியிருக்கிறான். காவலாளி எழுந்திருப்பதற்குள் அவனே கேட்டைப் பிடித்து இழுத்துவிட்டான். கேட் விழுந்தது கட்டை இல்லாததால். ஹாரனால் இல்லை. இதை நான் எனக்கே தினம் சொல்லிக்கொள்கிறேன், நீயும் சொல்லிக்கொள். உன்னைக் கொல்வதற்காக இதை எழுதவில்லை. மார்ச்சில் எழுதியிருந்தால் அதற்காகத்தான் எழுதியிருப்பேன். இப்போது எழுதுவது, அவன் ஒரு நாள் கூட உன்மேல் கோபமாக இல்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான். ஒன்றரை வருஷமும் அந்தச் சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான், எனக்கே தெரியாமல். இது செய்தி இல்லை தம்பி. யாரிடமும் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை வா. அத்தானும் இருப்பார். பாப்பா உன்னைப் பார்த்ததே இல்லை, முதலில் அழுவாள், பிறகு சரியாகிவிடுவாள். ஸ்கூட்டரைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வா.

ஹாரன் அடிக்காதே.

அக்கா